2200ஜி, ஏ320 போர்டு: பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா, போர்டோடு சேர்த்து மாற்றணுமா?

அச்சுமை

வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுறேன். புத்தக வடிவமைப்பு, விழா வீடியோ எடிட்டிங் ரெண்டும் ஒரே கணினியில்தான் ஓடுது. இப்போ இருக்கிறது இதுதான்: ரைசன் 3 2200ஜி, ரெண்டு ரேம் ஸ்லாட் உள்ள ஏ320 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 2666 ரெண்டு ஸ்டிக், 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடவே வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளைப் பெட்டி). தனியா கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

ரெண்டு சிக்கல். ஒண்ணு, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11 இந்த பிராசஸரை ஏத்துக்கல. ரெண்டாவது, புதுசா வாங்கின கேமரா ஃபைலை பிரீமியர் எடிட்டிங் மென்பொருள்ல போட்டா டைம்லைன் நகரவே மாட்டேங்குது. பழைய கேமரா ஃபைலும் போன்ல எடுத்ததும் ஓரளவு ஓடுது.

கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ5-12400எஃப் ட்ரே (பெட்டி இல்லாம வர்றது), எச்610 டிடிஆர்5 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ஒரே ஸ்டிக், கூடவே ஒரு பழைய 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. நண்பர் ஒருத்தர் அதெல்லாம் வேண்டாம், ரைசன் 5 5600 மட்டும் வாங்கி இதே போர்டுல மாட்டுங்கன்னு சொல்றார். கையில் 40,000 ரூபாய் இருக்கு. எதை எடுக்கலாம்?

வெள்ளிப்பசை

பிராசஸரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் புதுக் கேமரா ஃபைலைப் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கவேண்டியது ஏஎம்டியா இன்டெலா என்பதை அதுதான் தீர்மானிக்கப் போகிறது.

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் நகராத ஃபைலைத் திறந்து, வீடியோ பகுதியில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: ஃபார்மட், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை என்ன (ஏவிசியா, எச்இவிசியா), குரோமா சப்சாம்ப்ளிங், அதாவது நிற விவரம் பதிவாகும் அளவு என்ன (4:2:0ஆ, 4:2:2ஆ), பிட் டெப்த் 8ஆ 10ஆ. போன், பழைய கேமரா ஃபைல்கள் பெரும்பாலும் 4:2:0. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கும் (டீகோட் செய்யும்) வன்பொருள் உங்கள் 2200ஜியிலேயே இருக்கிறது, அதனால்தான் ஓரளவாவது ஓடுகிறது. புதுக் கேமரா 10 பிட் 4:2:2வில் பதிவு செய்தால் அந்த வன்பொருள் கைவிட்டுவிடும். பிரேம் ஒவ்வொன்றையும் நான்கே கோர்கள் கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்போது டைம்லைன் நிற்கத்தான் செய்யும்.

இதற்கிடையில் இரண்டு எச்சரிக்கை. நண்பர் சொன்ன 5600ஐ வாங்கிவிடாதீர்கள். நல்ல பிராசஸர்தான், ஆனால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 2200ஜியைக் கழற்றி 5600ஐ மாட்டினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அந்தத் துளைக்குப் படம் அனுப்புவது பிராசஸர்தான், போர்டு இல்லை. கடைக்காரர் சொன்ன 12400எஃப்பும் அதே கதை. இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டது என்று பொருள். அதை ஈடுகட்டத்தான் பழைய 2 ஜிபி கார்டைச் சேர்த்திருக்கிறார். உங்கள் வேலைக்கு அந்தக் கார்டு திரையைக் காட்ட உதவும், அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஃபைல் விவரத்தைப் போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கிழக்குவாசல்

ஃபைல் 4:2:0ன்னு வந்துச்சுன்னா போர்டையே மாத்த வேணாம்ங்க. ரைசன் 5 5600ஜி போதும். 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியல்லயும் இருக்கு. இருக்கிற ரேம், எஸ்எஸ்டி எல்லாம் அப்படியே ஓடும்.

ஆனா செய்ற வரிசை முக்கியம். ஏ320 போர்டுல 5000 வரிசை ஓடணும்னா பயாஸ் (போர்டை எழுப்புற உள் மென்பொருள்) புதுசா இருக்கணும். 300 வரிசை போர்டுகளுக்கு அந்த வாய்ப்பை ஏஎம்டி 2022லதான் திறந்து விட்டாங்க, அதுவும் போர்டு தயாரிச்ச கம்பெனி பயாஸ் வெளியிட்டிருந்தாத்தான். போர்டு மேல அச்சடிச்சிருக்கிற முழுப் பேரையும் ரிவிஷன் எண்ணையும் எடுத்துக்கிட்டு, கம்பெனி தளத்துல சிபியூ சப்போர்ட் லிஸ்ட்டைத் திறங்க. 5600ஜி வரிக்கு நேரா எந்த பயாஸ் பதிப்பு வேணும்னு போட்டிருக்கும். அந்த வரியே இல்லைன்னா இந்த வழியை விட்டுடுங்க.

வரி இருந்தா, 2200ஜி போர்டுல இருக்கும்போதே பயாஸை ஏத்திடணும். முதல்ல பிராசஸரை மாத்திட்டு அப்புறம் பயாஸ் பாத்துக்கலாம்னு போனா போர்டு எழுந்திரிக்காது. பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏத்துற பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் அந்த விலைப் போர்டுகள்ல பொதுவா இருக்காது. சில போர்டுகளுக்கு நடுவுல ஒரு பழைய பதிப்பை ஏத்திட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போகணும், டவுன்லோட் பக்கத்துல குறிப்பா எழுதியிருப்பாங்க. அதைப் படிக்காம நேரா தாவினா போர்டு செத்துடும். ஏத்தும்போது யூபிஎஸ் கட்டாயம்.

இன்னொண்ணு, உங்க போர்டோட ஏஎம்4 சாக்கெட்ல கூலரோட நாலு ஸ்க்ரூவையும் கழட்டினா போர்டுக்குப் பின்னால இருக்கிற பேக்பிளேட் விழுந்துடும். கேபினெட்டைப் படுக்கப் போட்டு, பின்பக்கம் கையால அதைப் பிடிச்சுக்கிட்டுக் கழட்டுங்க. கூலரை நேரா மேல இழுக்காதீங்க. நடுவுல இருக்கிற வெப்பப் பேஸ்ட் இறுகிப்போய் பிராசஸர் சாக்கெட்டோட பூட்டை மீறி ஒட்டிக்கிட்டே வரும், பின் வளையும். பத்து நிமிஷம் வேலை செய்ய விட்டுச் சூடாக்கிட்டு, நிறுத்தினதும் இடவலமாத் திருகித் திருகி எடுங்க.

அச்சுமை

பார்த்துட்டேன். நகராத ஃபைல்: எச்இவிசி, 4:2:2, 10 பிட், 3840 × 2160, நொடிக்கு 25 பிரேம். பழைய கேமரா ஃபைல் ஏவிசி, 4:2:0, 8 பிட்.

கேமராவிலேயே 4:2:0க்கு மாத்திக்கலாம்தான். ஆனா கல்யாண வேலையில் நிறம் திருத்தும்போது 4:2:2 நல்லா நிற்குது, அதை விட மனசில்லை.

வெள்ளிப்பசை

அப்படியானால் விடை தெளிவாகிவிட்டது. எச்இவிசி 10 பிட் 4:2:2வை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான உள் கிராபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்று சொல்வது இதைத்தான். 5600ஜியில் இல்லை, புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கான ரைசன் 7000, 9000 வரிசைகளின் உள் கிராபிக்ஸிலும் இல்லை. என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. எனவே தனிக் கார்டு இல்லாமல் இந்த வேலை ஓட வேண்டுமானால், எஃப் இல்லாத இன்டெல் ஐ5 ஒன்றே வழி. கடைக்காரர் கொட்டேஷனில் உங்களுக்குத் தேவையான அந்த ஒரே பாகம்தான் அணைக்கப்பட்டிருக்கிறது.

எந்த ஐ5 என்பதில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. 12400இல் இருப்பது யூஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸ். 12500இல் யூஎச்டி 770. பெயரில் 40 எண் வித்தியாசம்தான், ஆனால் வீடியோவைப் பிரிக்கும் எஞ்சின் 730இல் ஒன்று, 770இல் இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கேமராக் காட்சிகளை மல்டிகேமில் ஓட்டுபவருக்கு இது கண்ணுக்குத் தெரியும். கோர்கள் இரண்டிலும் அதே 6, த்ரெட் 12. ஆக, 12400க்கும் 12500க்கும் விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் 12500ஐ எடுங்கள். 13400ஐ இடையில் சொல்வார்கள். கோர் கூடுதல், ஆனால் அதிலும் 730தான். 13500க்குக் கை எட்டினால் அது இன்னும் நல்லது. 6 பெரிய கோர், 8 சிறிய கோர், யூஎச்டி 770. முடித்த வீடியோவை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யும் நேரம் நன்றாகக் குறையும்.

13, 14ஆம் தலைமுறைகளில் மின்னழுத்தக் கோளாறால் பிராசஸர்கள் கெட்டுப்போன செய்தியைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. இன்டெல் 2024இல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டியது. அந்தப் பட்டியல் ஐ5 13600கே, 14600கேயில் தொடங்கி ஐ9 வரை போகிறது. 13500 அதில் இல்லை. 12ஆம் தலைமுறைக்கு அந்தக் கோளாறே கிடையாது. எதை எடுத்தாலும் போர்டில் ஆகப் புதிய பயாஸை ஏற்றிவிடுங்கள்.

இனி போர்டு. உங்களிடம் 16 ஜிபி டிடிஆர்4 இருக்கிறது. இந்த ஐ5கள் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பெரிய நன்மை, ஒரே பிராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகைப் போர்டிலும் உட்காரும். 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபின், கையில் இருக்கும் ரேமைத் தூக்கிப்போடச் சொல்வது நியாயமில்லை. எனவே டிடிஆர்4 போர்டு. இரண்டு வகைக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மாற்றிப் போட முடியாது.

போர்டின் சிப்செட் எச்610ஆ பி760ஆ? எச்610ஐ நான் ஒதுக்குவது வேகத்துக்காக அல்ல. அதில் என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0இல் ஓடும், நொடிக்கு ஏறக்குறைய 3,500 எம்பி வரை வரும், உங்கள் வேலைக்கு அதுவே மிகுதி. சிக்கல் ரேம் ஸ்லாட்டில். எச்610இல் இரண்டுதான். 4கே எடிட்டிங்குக்கு அடோபி பரிந்துரைப்பது 32 ஜிபி, அதிலும் உள் கிராபிக்ஸ் தன் பங்கை அதே ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். எச்610 வாங்கினால் 32க்குப் போகும் அன்று இப்போதுள்ள இரண்டு ஸ்டிக்கும் வீண். நான்கு ஸ்லாட் உள்ள பி760 வாங்கினால் இன்னும் இரண்டு 8 ஜிபி போதும்.

போர்டின் பெயரில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆசஸ் பிரைம் பி760எம்-ஏ டி4, கிகாபைட் பி760எம் டிஎஸ்3எச் டிடிஆர்4 போன்றவை இந்த வகை. கிகாபைட்டில் கடைசியில் டிடிஆர்4 என்ற சொல் இல்லாத அதே பெயர்ப் போர்டு டிடிஆர்5 எடுப்பது. பில் போடும்போது இந்தச் சொல் விழுந்துவிட்டால் வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

தறிநாடா

மேலே சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்க வேண்டும். எல்ஜிஏ1700 முடிந்துபோன சாக்கெட். 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது, அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஏஎம்5 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையும் அதற்கு அப்பாலும் அதே சாக்கெட்டில் பிராசஸர் தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று ரைசன் 5 7600, நான்கு ஆண்டு கழித்து அதே போர்டில் இன்னொன்று. தொழிலுக்கு வாங்குபவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4:2:2 சிக்கலுக்கு ப்ராக்சி இருக்கிறது. பிரீமியரிலேயே இன்ஜெஸ்ட் அமைப்பில் ப்ராக்சி உருவாக்கச் சொல்லிவிட்டால் ஃபைலைப் போட்ட உடனே சிறிய நகல்கள் தயாராகும். டைம்லைனில் நகல் ஓடும், ஏற்றுமதியில் மூலம் வரும்.

ஏஎம்5 எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள், இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஆகும். உள் கிராபிக்ஸ் வேண்டுமானால் 7500எஃப் வேண்டாம், 7600 எடுங்கள். 8500ஜி, 8600ஜி இரண்டின் கிராபிக்ஸ் பலமானது என்று விற்பார்கள். ஆனால் பின்னாளில் தனிக் கார்டு போட்டால் 8600ஜி அதற்கு 8 லேன் (தரவுப் பாதை)தான் தரும், 8500ஜி 4 லேன்தான். போர்டில் ஏ620, 65 வாட் பிராசஸருக்குப் போதும். எல்லா ஏ620 போர்டும் 120 வாட் பிராசஸரைத் தாங்குவதில்லை. நடுவில் பி650 நல்ல இடம். பழைய ஸ்டாக் பி650 போர்டில் 9000 வரிசை போடுவதானால் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்: பென் டிரைவை எஃப்ஏடி32வில் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலுக்குக் கையேட்டில் சொல்லியபடி பெயர் மாற்றி, குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின்னும் சிபியூ 8 பின்னும் மாட்டினால் போதும், பிராசஸரே தேவையில்லை.

ரேம் இரண்டு ஸ்டிக்காகவே வாங்குங்கள். ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக்கில் அதிகாரபூர்வ வேகம் 5200, நான்கு ஸ்டிக் போட்டால் 3600க்கு இறங்கிவிடும். முதல் முறை பவர் போட்டதும் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தொடங்கும்.

வெள்ளிப்பசை

புதிதாக எல்லாமே வாங்குபவருக்குத் தறிநாடா சொல்வதை நானும் சொல்வேன். இவருக்குச் சொல்ல மாட்டேன். ஏஎம்5 என்றால் 32 ஜிபி டிடிஆர்5 புதிதாக வாங்க வேண்டும். 40,000இல் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும், மீதியில் எஸ்எம்பிஎஸ் மாற்றப் பணம் இருக்காது. ப்ராக்சி நல்ல வழிதான், ஆனால் விழா முடிந்த இரவு 200, 300 கிளிப்பை இறக்கி, நகல் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும், டிஸ்கிலும் இடம் வேண்டும். மறுநாளே டீசர் கேட்கும் வேலையில் அந்த நேரம் பெரிது. 12500இல் அதே ஃபைல் இறக்கிய கையோடு ஓடும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வசதி எச்இவிசி 4:2:2வுக்குத்தான். அதே கேமராவில் ஏவிசி, அதாவது எச்.264 வகையில் 10 பிட் 4:2:2 பதிவு செய்யவும் இடமிருக்கலாம். சோனியில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் எச்இவிசி, எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் எச்.264. இரண்டாவதை 12500இன் வன்பொருளும் பிரிக்காது. மெனுவில் எச்இவிசி வகையையே வைத்திருங்கள்.

பின்னாளில் கார்டு வாங்கினால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் வாங்குங்கள், அது இரண்டையும் பிரிக்கும். கார்டு போட்டதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்ற வரியை எனேபிள் செய்துவைத்தால் குவிக் சிங்க் கூடவே வேலை செய்யும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங் வரியில் இன்டெல் டிக் ஆகியிருக்க வேண்டும்.

கிழக்குவாசல்

முடிவு இன்டெல்னு ஆயிடுச்சு, சரி. அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பத்தி யாரும் விவரமாப் பேசல. பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்க. பெருசா 450னு போட்டிருக்கும். அதை விட்டுட்டு, கீழே கட்டத்துல +12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 16 ஆம்பியர்னு இருந்தா 12 × 16 = 192 வாட். இன்னைக்கு பிராசஸர், கார்டு ரெண்டும் தின்கிறது அந்த 12 வோல்ட் லைனைத்தான். 12500 உச்சத்துல 117 வாட், 13500 154 வாட் வரை இழுக்கும். பிராசஸருக்கு 4 பின் ஒயர் மட்டும் வருதா, 4+4 வருதான்னும் பாருங்க. புதுப் போர்டுல 8 பின் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 550 வாட் ஒண்ணு வாங்கிடுங்க. பின்னாடி ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரிக் கார்டு போட்டாலும் அது தாங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட ஒயரைப் புதுசுல மாட்டவே கூடாது, பின் வரிசை மாறி ஹார்ட் டிஸ்க் புகைஞ்சிடும்.

பிராசஸர் பெட்டியோட வாங்குங்க. பெட்டில வந்தா 3 வருஷ வாரன்டி இன்டெலே தருவாங்க, கூலரும் உள்ளேயே இருக்கும். ட்ரேல வந்தா வாரன்டி கடைக்காரர் வாய்ச்சொல்தான், கூலரும் தனி. பெட்டி மேல இருக்கிற சீரியலை இன்டெல் தளத்துல போட்டுப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

மாட்டும்போது ரெண்டு இடத்துலதான் தப்பு நடக்கும்.

முதல் இடம் சாக்கெட். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒண்ணு இருக்கும், அதைக் கையால பிடுங்காதீங்க. லீவரைத் தூக்கி, இரும்புச் சட்டத்தைத் திறந்து, பிராசஸர் மூலைல உள்ள தங்க முக்கோணத்தையும் சாக்கெட் மூலை முக்கோணத்தையும் ஒண்ணாக்கி, விரலால ரெண்டு ஓரத்தைப் பிடிச்சு நேரா கீழ வைங்க. தள்ளவோ இழுக்கவோ கூடாது, அடில 1700 பின் இருக்கு, தலைமுடி அளவு வளைஞ்சாலே ஒரு ரேம் சேனல் போயிடும். சட்டத்தை மூடி லீவரை அழுத்தும்போது நல்லா கனமாத்தான் இருக்கும், அது சரிதான். அப்போ மூடி தானாவே தெறிச்சு வெளிய வரும். அந்த மூடியைப் பத்திரமா எடுத்து வைங்க. அது இல்லாம வாரன்டிக்குப் போனா சிக்கல்.

ரெண்டாவது கூலர். பெட்டியோட வர்ற கூலர் நாலு புஷ் பின் வெச்சது. பேஸ்ட் அதுலயே தடவி வரும், நீங்க மறுபடி தடவ வேணாம். போர்டைக் கேபினெட்டுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே மாட்டுங்க. எதிர் எதிர் மூலையா அழுத்தணும், ஒவ்வொண்ணும் டக்குனு சத்தம் கேக்கணும். அப்புறம் போர்டைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்க: நாலு துளையிலயும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால் ரெண்டா விரிஞ்சு, நடுவுல கறுப்பு முனை தெரியணும். ஒரு துளையில கறுப்பு தெரியலைன்னா அந்த மூலை தொங்குதுன்னு அர்த்தம். கணினி ஓடும், ஆனா ஏற்றுமதி போட்ட ஒரு நிமிஷத்துல 100 டிகிரி தொட்டு வேகம் இறங்கும். ஆட்கள் பிராசஸர் கோளாறுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க.

13500 எடுத்தா இந்தக் கூலர் திணறும். நாலு ஹீட் பைப், 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் போடுங்க, கேபினெட் அகலத்துக்கு உயரம் ஒத்துவருதான்னு அளந்துட்டு வாங்குங்க. இல்லைன்னா பயாஸ்ல பிஎல்1ஐ (பிராசஸர் தொடர்ந்து இழுக்கிற மின் அளவு) 65 வாட்டுக்குக் கட்டுங்க. நிறைய பி760 போர்டுகள் அந்த அளவைத் தானா ஏத்தி விட்டிருக்கும்.

பழைய ஏ320 போர்டு சின்னது. புதுப் போர்டு அகலமா இருக்கும். கேபினெட்ல போர்டைத் தாங்கிற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் எங்கெங்க இருக்குன்னு போர்டுத் துளையோட ஒப்பிட்டு, துளை இல்லாத இடத்துல நிக்கிறதைக் கழட்டுங்க. ஒண்ணு விட்டாலும் போர்டு அடியில இடிச்சு ஷார்ட் ஆகும்.

விண்டோஸ் விஷயம். பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டிப் பாக்கலாம்னு நினைப்பீங்க. அது எம்பிஆர்ங்கிற பழைய பார்டிஷன் முறையில பதிஞ்சிருந்தா புதுப் போர்டுல பூட் ஆகாது. 11ஆம் தலைமுறைல இருந்து இன்டெல் உள் கிராபிக்ஸுக்குப் பழைய லெகசி பூட் கிடையாது. போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பயாஸ் மோடு யூஇஎஃப்ஐயா லெகசியான்னு பாருங்க. லெகசின்னா டேட்டாவைக் காப்பி எடுத்துட்டு, புதுசா விண்டோஸ் 11 போடுறதுதான் சுத்தம். விண்டோஸ் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோட இணைச்சு வைங்க, போர்டு மாறினதும் ஆக்டிவேஷன் போயிடும். புதுசா போடும்போது என்விஎம்இ டிஸ்க் கண்ணுக்குத் தெரியலைன்னா பயாஸ்ல விஎம்டியை (இன்டெலோட டிஸ்க் நிர்வாக வசதி) அணைங்க. நெட்வொர்க் (லேன்) டிரைவரைப் பென் டிரைவ்ல முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க.

அச்சுமை

ரொம்ப நன்றி. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பார்த்தேன், 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்தான் போட்டிருக்கு, ஒயரும் 4 பின். மாத்திடுறேன். 12500 பெட்டியோடு, பி760 டிடிஆர்4 நாலு ஸ்லாட், 550 வாட், 500 ஜிபி என்விஎம்இன்னு புது கொட்டேஷன் கேட்டிருக்கேன். பிறகு வாங்கப்போற ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் 2666லயே வேணுமா? கடையில் இப்போ 3200தான் இருக்கு. என் மானிட்டர் விஜிஏ மட்டும்தான், அது ஆகுமா?

வெள்ளிப்பசை

3200 வாங்கலாம், நான்கும் 2666இல் ஓடும். 1.2 வோல்ட் ஸ்டிக்காகப் பாருங்கள். பழைய இரண்டை பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டிலும், புதியவற்றை 1, 3ஆம் ஸ்லாட்டிலும் போடுங்கள். முதல் நாள் பழைய இரண்டு மட்டும் போட்டு எல்லாம் ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகே புதியதைச் சேருங்கள். இல்லையென்றால் பிழை எங்கே என்று தேட முடியாது. சேர்த்த இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பயாஸில் ரேம் வேகத்தை 2400க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் புதிய ஸ்டிக்கைக் கடையில் மாற்றுங்கள், அப்படியே வேலை செய்யாதீர்கள். ரேம் பிழை ப்ராஜெக்ட் ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

சில பி760 போர்டுகளில் விஜிஏ துளை இருக்கிறது, பின்பக்கப் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் நிறம் திருத்தும் வேலைக்கு விஜிஏ வேண்டாம். ஒயர் வழியே படம் மங்கும், ஓரம் கலங்கும். மானிட்டரில் டிவிஐ துளையாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு ஒரு சாதாரணக் கேபிள் போதும், மாற்றுப் பெட்டி தேவையில்லை.